தரையில் இருக்கும் முட்டைக்கு நாம்தான் வேலி

(குளச்சலில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் கடன் வசூல் பற்றிப் பேசினோம். இன்றைக்குப் பறவை பற்றி என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, கேளுங்கள்.

மரத்தில் கூடு கட்டாமல் தரையிலேயே முட்டையிடும் பறவைகள் உண்டு. வயக்காட்டில் ஆளைக் கண்டதும் கத்துமே ஆட்காட்டி, உப்பளத்தில் சிவந்த நெட்டைக் காலோடு நிற்குமே நெடுங்கால் உள்ளான், அவை இந்த வகைதான். அனுமன் உப்புக்கொத்தி என்று ஒரு சின்னப் பறவை. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. இது தனி இனம் என்று 2023-ல்தான் பிரித்துச் சொன்னார்கள். இவற்றுக்கு மணலில் ஒரு சின்னக் குழிதான் வீடு. முட்டையும் மண் நிறத்திலேயே இருக்கும். தெரியாமல் மிதித்துவிடுவோம்.

ஆனாலும் அந்தத் தாய் படும் பாடு கொஞ்சமில்லை. கோடை வெயிலில் முட்டை வெந்துபோகாமல் இருக்க, ஆட்காட்டி வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து உட்காரும். உப்புக்கொத்தியோ சிறகு ஒடிந்த மாதிரி நடித்து நம்மை வேறு பக்கம் இழுத்துப் போகும்.

இனி கணக்குக்கு வருவோம். ஓரிடத்தில் 100 கூடு இருக்கிறது. நாய், காக்கா, ஆடு மாடு, மனுசக் கால் என்று தினமும் நூற்றுக்கு மூன்று வீதம் அழிகிறது. மூணுதானே என்று தோன்றும். குஞ்சு பொரிக்க ஏறக்குறைய 25 நாள் ஆகும். அதற்குள் 47 கூடுதான் மிஞ்சும். கந்துவட்டி நம்மைத் தின்பதும் இப்படித்தானே? அதையே தினம் நூற்றுக்கு ஒன்றாகக் குறைத்தால் 78 கூடு பிழைக்கும்.

இந்தக் கணக்கைப் போடும் வழியை 1961-ல் சொன்னவர் ஹெரால்டு மேஃபீல்டு என்ற அமெரிக்கர். நாம் பார்க்கும் முன்பே அழிந்த கூடு எண்ணிக்கையில் வராது, அதனால் கண்ணில் பட்ட கூட்டை மட்டும் எண்ணி ஏமாறாதே என்றார். கலைந்துபோன குழுக்களை விட்டுவிட்டு, இருக்கிற குழுக்களை மட்டும் வைத்து "எல்லாம் நல்லா நடக்கு" என்று அறிக்கை எழுதுவது போலத்தான் அதுவும்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏப்ரல் மாதம் ஒரு குழுவைக் கூட்டிப்போய் ஆட்காட்டி முட்டையைக் காட்டினேன். ஆசையில் அரை மணி நேரம் நின்றுவிட்டோம். தாய்ப்பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் முட்டை இல்லை. கூட வந்த அக்கா சொன்னார்: "மேடம், காக்கா நம்மளத்தான் பாத்துட்டு இருந்திருக்கும். நாமளே வழி காட்டிக் குடுத்துட்டோம்." அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வடக்கே சம்பல் ஆற்று மணல் திட்டுகளில் இந்தியன் ஸ்கிம்மர் என்ற பறவை முட்டையிடுகிறது. அழியும் நிலையில் உள்ள இனம். அங்கே மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் ஊர்க்காரர்களையே கூட்டுக் காவலர்களாக அமர்த்தியது. அசாமில் பூர்ணிமா தேவி பர்மன் பெண்களைத் திரட்டி, மரத்தில் கூடு கட்டும் ஹர்கிலா என்ற பெருநாரையைக் காப்பாற்றினார். அவர் வேலை செய்த ஊர்களில் 28 ஆக இருந்த கூடு 250-க்கு மேல் ஆனது. அவர்களும் நம்மைப் போன்ற பெண்கள்தான்.

நம் மாவட்டத்திலும் சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பலகை வைத்தால் மட்டும் முட்டை பிழைக்காது.

"அப்போ உப்பளத்து வேலைக்குப் போகண்டாமா?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. கூலியை விடச் சொல்லவில்லை. இவ்வளவு செய்தால் போதும்:

• வரப்பில் முட்டை கண்டால் கூட வேலை செய்பவர்களிடம் சொல்லி, அந்த இடத்தைச் சுற்றிப் போங்கள்.

• கிட்டப் போய் நிற்காதீர்கள். முட்டையை எடுக்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

• மீன் கழிவைக் கரையில் கொட்டாதீர்கள். நாயும் காக்காயும் அதற்குத்தான் கூடுகின்றன.

• மார்ச் முதல் ஜூலை வரை முட்டை உள்ள பக்கம் ஆடு மாடு மேய விடாதீர்கள்.

தினம் மூன்றை ஒன்றாக்குவது நம் கையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தான் பார்த்ததைச் சொல்லட்டும். அழிந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.