இரைப்பையோடு நின்றுவிடும் பார்வை



செரிமான மருத்துவர்கள், நோய்க்கூறியலாளர்கள், உணவியலாளர்கள் எல்லாரும் ஒரே அரங்கில் உட்காருவது நம் ஊரில் அடிக்கடி நடப்பதில்லை. இந்தக் கருத்தரங்கில் நோயாளிகளையும் அவர்கள் குடும்பத்தாரையும் முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அமைப்பாளர்களுக்கு என் முதல் நன்றி அதற்காகத்தான். நான் நுண்ணோக்கி முன் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவன். நோயாளியின் முகத்தைவிட அவருடைய திசுவோடுதான் எனக்குப் பழக்கம் அதிகம். என்னைத் தலைமையேற்க அழைத்ததற்கு ஒரே ஒரு காரணம்தான் எனக்குத் தெரிகிறது. இரைப்பையில் கிள்ளிய துணுக்கும் சிறுகுடலில் கிள்ளிய துணுக்கும் ஒரே மேசைக்கு வந்துசேர வேண்டிய இடம் எங்கள் ஆய்வகம். ஆனால் பெரும்பாலும் முதல் துணுக்கு மட்டுமே வருகிறது. இன்று நான் சொல்ல வந்த குறை அதுதான்.

வயிறு எரிகிறது, சாப்பிட்டதும் உப்பிக்கொள்கிறது, எதுக்களிக்கிறது என்று ஒருவர் சொன்னால் ‘அல்சர்’ என்று வீட்டிலேயே தீர்ப்பாகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் பான்டோபிரசோல் வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் போட்டுச் சில மாதம் ஓட்டுவார்கள். தாங்க முடியாமல் போனால் எண்டோஸ்கோபி. இரைப்பையின் கீழ்ப்பகுதி சிவந்திருக்கிறது, ‘இரைப்பை அழற்சி’ என்று தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தாள் கைக்கு வந்ததும் தேடல் நின்றுவிடுகிறது. ரத்தசோகை ஏன் தீரவில்லை, எடை ஏன் இறங்குகிறது, எலும்பு ஏன் இந்த வயதில் தேய்கிறது என்ற கேள்விகளையெல்லாம் அந்த ஒரு வரி விழுங்கிவிடுகிறது. இத்தனைக்கும் குழாய் இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடல்வரை போய்த்தான் திரும்பியிருக்கிறது. அங்கே நான்கு துணுக்கும், அதன் முகப்பில் ஒன்றிரண்டும் எடுத்துவரச் சில நிமிடம் போதும்.

சீலியாக் நோயைப் பற்றி இந்த அவைக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முன்வரிசைக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடலின் எதிர்ப்பாற்றல் சிறுகுடலின் உட்சுவர்மீதே பாய்கிறது. நலமான உட்சுவர் புது டர்க்கித் துண்டைப் போல இழையிழையாக எழும்பி நிற்கும். நோய் முற்றினால் பல வருடம் துவைத்த துண்டாக மழுங்கிப்போகும். சத்தை உறிஞ்ச இடம் இருக்காது. ஹாலந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கோதுமையைச் சந்தேகித்தது இரண்டாம் உலகப்போருக்கு முன்பே. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நலிந்தார்கள். 1950இல் அவர் ஆய்வேடு வந்தது. உணவே மருந்து என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். உணவைத் தவிர வேறு மருந்தே இன்றுவரை வழக்கத்துக்கு வராத நோய் இது.

இனி எங்கள் துறைக்கு வருகிறேன். சீலியாக் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இரைப்பையிலும் தனி வகை அழற்சி உண்டாகிறது. லிம்போசைட் என்னும் நிணநீரணுக்கள் இரைப்பையின் மேற்பரப்புச் செல்களுக்கு இடையே புகுந்துவிடுகின்றன. கண்ணாடித் தகட்டில் பார்த்தால் கருநீலச் சாயமேறிய சின்னச் சின்ன உருண்டைகள், ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். இயல்பான இரைப்பையில் இவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தென்படும். 100 மேற்பரப்புச் செல்லுக்கு 25 என்ற அளவை எட்டினால் ‘லிம்போசைட்டிக் கேஸ்டிரைட்டிஸ்’ என்கிறோம். அதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, சீலியாக் நோய். அதாவது சிறுகுடலில் வேறு ஏதோ நடக்கிறது என்று இரைப்பைத் துணுக்கே சில சமயம் துப்புக் கொடுக்கிறது. அதைப் பார்த்த பிறகும் ‘நாட்பட்ட அழற்சி’ என்று ஒரே வரியில் கையெழுத்திட்டு அனுப்பும் நோய்க்கூறியலாளருக்கு, குடலைப் பார்க்காத எண்டோஸ்கோபி மருத்துவரைக் குறைசொல்ல வாயில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் கண்டறிந்த, 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த அதே கிருமி, முன்சிறுகுடலிலும் லிம்போசைட்டுகளைப் பெருக்கும். வலி மாத்திரைகளும் அப்படித்தான். குடலின் இழைகள் சரியாக நிமிர்ந்திருக்க, நிணநீரணுக்கள் மட்டும் கூடியிருந்தால் அது தொடக்கநிலைச் சீலியாக்காகவும் இருக்கலாம், இரைப்பைக் கோளாறின் நிழலாகவும் இருக்கலாம். அவசரப்பட்டு ‘சீலியாக்’ என்று எழுதினால் ஒருவர் காரணமில்லாமல் ஆயுள் முழுக்கக் கோதுமையைத் துறப்பார். ஆகவே ரத்தத்தில் டிடிஜி எதிர்ப்பொருளைப் பார்க்காமல் திசுவை மட்டும் நம்பக் கூடாது. அதோடு ஐஜிஏ வகை எதிர்ப்பொருளின் மொத்த அளவையும் பார்க்க வேண்டும். சீலியாக் உள்ளவர்களில் 100க்கு 2, 3 பேருக்கு ஐஜிஏவே சுரக்காது, அவர்களிடம் வழக்கமான சோதனை பொய் சொல்லும்.

சோதனைக்கு முன் செய்ய வேண்டியதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹெலிகோபாக்டருக்கு மூச்சுச் சோதனை செய்யும் முன் அமிலம் குறைக்கும் மாத்திரையை 2 வாரமாவது நிறுத்தியிருக்க வேண்டும். சீலியாக் சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தவே கூடாது. நடப்பதோ நேர்மாறு. மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும், யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை விட்டிருப்பார்கள். இரண்டு சோதனையும் ‘ஒன்றும் இல்லை’ என்று வரும்.

“இதெல்லாம் பஞ்சாபி நோய் சார், நமக்கு ஏது?” என்று கேட்பவர்கள் உண்டு. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என நாட்டின் மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வு, வடக்கே 100க்கு 1.23, தெற்கே 0.10 என்று கணக்குக் காட்டியது. ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வகை இரு பக்கமும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், சொல்லும்படி வேறுபாடில்லை. வேறுபட்டது தட்டில் விழுந்த கோதுமை: வடக்கே நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். இன்று சர்க்கரை நோயாளிக்கு இரவில் சப்பாத்தி என்பது இங்கே எழுதாத சட்டம். விடுதிச் சாப்பாட்டில் பூரி, தெருமுனையில் பரோட்டா, டீக்கு பிஸ்கட். விகிதம் ஏறும் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. ஆனால் பெரியவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் என்றே வைத்தாலும் தமிழ்நாட்டுக்கு அது பல்லாயிரம் பேர். அவர்களில் எத்தனை பேர் ‘அல்சர்காரர்’ என்ற பெயரோடு நடமாடுகிறார்களோ!

நம் மருத்துவர்களின் கண் இந்த நோயைத் தேடாததற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. 1960களில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் டிராப்பிக்கல் ஸ்ப்ரூ என்ற குடல்நோய் கொள்ளைநோய் போலப் பரவியது. கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் மாதனும் அதை ஆராய்ந்த விதம் உலகத்துக்கே பாடமானது. அந்த நோயிலும் குடல் இழைகள் குட்டையாகும். ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் கொடுத்தால் சரியாகும். மழுங்கிய குடல் என்றால் ஸ்ப்ரூ, தொற்று, சத்துக்குறைவு என்று எண்ணிப் பழகிய தலைமுறையிடம் தொழில் கற்றவர்கள் நாங்கள். ஸ்ப்ரூ அருகிவிட்டது; பழக்கம் போகவில்லை.

ஒருவருக்கு இரைப்பை அழற்சி, சீலியாக் இரண்டும் இருப்பது தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வாழ்வது எப்படி? இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உணவிலுள்ள இரும்பைக் கரைத்துத் தர இரைப்பையில் அமிலம் வேண்டும். அதை உறிஞ்சும் இடம் முன்சிறுகுடல், அதாவது சீலியாக் முதலில் சிதைக்கும் அதே இடம். அழற்சிக்காக அமிலத்தைக் குறைக்கிறோம். குடலோ ஏற்கெனவே பாழ். மேலே இரும்பு மாத்திரை கொடுத்தால் அது இரைப்பையைப் புண்ணாக்கிக் குமட்டுகிறது. நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுவார். “சொன்னபடி சாப்பிடுவதில்லை” என்று கோப்பில் குறிப்பு ஏறும். இப்படிப்பட்டவருக்கு இரும்பை நரம்பில் ஏற்றுவதே நேர்வழி. இரைப்பையின் அழற்சி தன்னெதிர்ப்பு வகையைச் சேர்ந்ததாக இருந்தால் பி12ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உணவுச் சீட்டு இன்னும் மோசம். இரைப்பைக்காரருக்கு நம் ஊரில் வழிவழியாகச் சொல்வது என்ன? பிரெட், ரஸ்க், பார்லி கஞ்சி, மால்ட் பானம். நான்குமே சீலியாக்காரருக்கு விஷம். சீலியாக்குக்கென்று தரும் தாளில் கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, கொண்டைக்கடலை மாவு. புண்பட்ட இரைப்பை முதல் சில வாரங்களில் அந்த நாரையும் கடலை வாயுவையும் தாங்காது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் படித்த நோயாளி மோர்சோறு ஒன்றைத்தான் நம்புகிறார். குழைந்த அரிசிச் சோறு, இட்லி, இடியாப்பம், பாசிப்பருப்பு, வேகவைத்த பூசணி, சுரைக்காய் என்று தொடங்கி, வயிறு ஆற ஆறச் சிறுதானியத்தைக் கூட்டிப்போகும் ஒரே தாளை யார் எழுதித் தருவது? மருத்துவர் உணவியலாளரைக் காட்டுகிறார், உணவியலாளர் மருத்துவரை.

ஒளிந்திருக்கும் கோதுமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மாவு சேர்க்கிறார்கள். பல தயாரிப்புகளில் அது மைதா. ஒரு கணக்குப் போடுவோம். சிட்டிகை கால் கிராம், அதில் பாதி மைதா என்றால் ஏறத்தாழ 12 மில்லிகிராம் குளூட்டன். நான்கு பேருக்கு வைத்த ரசத்தில் ஆளுக்கு 3. ரசத்தோடு நிற்குமா? சாம்பார், கூட்டு, ஊறுகாய், தாளித்த மோர் என்று போனால் நாளுக்கு 10 மில்லிகிராமைத் தொட்டுவிடும். அதுவே பாதுகாப்பின் எல்லை என்று பொதுவாகக் கருதுகிறோம். தினம் 50 மில்லிகிராம் என்று 3 மாதம் போனால் குடல் கெடுவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். பெருங்காயம் தனியாக ஆளைச் சாய்த்துவிடாது. ஆனால் மிச்சத்துக்கு இடம் வைக்காமல் எல்லையை நிரப்பிவிடும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது; பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும்.

மாவு மில்லும் அப்படித்தான். முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்துவிட்டுப் போவார். அதே கல்லில் உங்கள் கேழ்வரகு. ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட்டு விற்க இந்தியச் சட்டம் அனுமதிப்பது கிலோவுக்கு 20 மில்லிகிராம்வரை. பழுப்பு மாவில் வெள்ளைக் கோடாக இறங்கும் முதல் கைப்பிடி எத்தனை கிலோவைக் கெடுக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். வீட்டு மிக்சியில் அரைத்துச் சலிப்பது சலிப்பான வேலைதான். வேறு வழி தெரியவில்லை.

உறவினர்களிடம் இதைச் சொல்லி மாளாது. நம்மவர்களுக்குப் பத்தியம் புதிதல்ல. பிரசவப் பத்தியம், மஞ்சள்காமாலைப் பத்தியம் எல்லாம் தெரியும். ஆனால் எந்தப் பத்தியத்துக்கும் முறிக்கிற நாள் ஒன்று உண்டு. “இன்னும் முடியலையா? ஒரு வாய் கேசரி, சாமி பிரசாதம்மா, ஒண்ணும் பண்ணாது” என்று பாட்டி ஊட்டிவிடுவது அன்பினால்தான். கத்தோலிக்க நண்பர்களுக்கு வேறு சிக்கல். நற்கருணை அப்பம் கோதுமையில்தான் இருக்க வேண்டும், குளூட்டன் அறவே இல்லாதது செல்லாது, குறைத்தது செல்லும் என்று வாடிகன் 2017இலும் எழுதியிருக்கிறது. அந்தக் குறைத்த அப்பம் நம் பங்குக் கோயில்களில் எளிதாகக் கிடைக்க ஆவன செய்யலாம்.

எனக்கு உள்ளபடியே கோபம் வருவது ஓரிடத்தில்தான். கோதுமையை விட்டு ஆறு மாதமாகியும் எரிச்சல் போகவில்லை என்று ஒருவர் வந்து நிற்கிறார். “எங்கேயோ வாயைக் கட்டாமல் விட்டிருப்பீர்கள்” என்கிறோம். அவர் வீட்டுக்குப் போய் உப்பையும் தண்ணீரையும்கூடச் சந்தேகிக்கத் தொடங்குகிறார். பெரியவர்களின் குடல் அவ்வளவு சீக்கிரம் ஆறுவதில்லை. மேயோ கிளினிக் 2010இல் வெளியிட்ட கணக்கில் 2 வருடத்தில் 100க்கு 34 பேருக்கும், 5 வருடத்தில் 66 பேருக்கும்தான் திசு தேறியிருந்தது. அதுபோக, எரிவது குடலே இல்லாமல் இரைப்பையாக இருக்கலாம். கிருமி அப்படியே இருக்கலாம். சீலியாக்கில் எலும்பும் மூட்டும் வலிப்பதுண்டு. அதற்காக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை இரைப்பையை அரித்துக்கொண்டிருக்கலாம். நாம் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. முதலில் இரைப்பையோடு நின்றோம், பிறகு குடலோடு நின்றுவிட்டோம்.

இந்த இரண்டு நாளில் இரண்டு காரியம் நடந்தால் எனக்குப் போதும். தீராத ரத்தசோகை, எடைக்குறைவு, ஓயாத பேதி, வளராத பிள்ளை, முதல் வகை நீரிழிவு, தைராய்டு தன்னெதிர்ப்பு நோய் ஆகியவற்றில் ஒன்றாவது உள்ளவருக்கு எண்டோஸ்கோபி செய்தால் குடல் துணுக்கும் எடுத்தனுப்புவது என்று இங்கே வந்திருக்கும் துறைகள் தங்களுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். நாளை மாலை உணவியல் அமர்வு, இரு நோய்க்கும் பொதுவான ஒரே உணவுத் தாளைத் தமிழில் எழுதி முடிக்க வேண்டும். முன்வரிசையில் இருப்பவர்கள் அதைப் படித்துத் திருத்தித் தர வேண்டும். கலோரிக் கணக்கு குறைந்தாலும் பரவாயில்லை, அந்தத் தாளைப் பார்த்துச் சமைக்க முடிய வேண்டும்.

ஓர் அறிவிப்பு. மதியச் சாப்பாட்டில் சாம்பாரும் ரசமும் பெருங்காயம் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். இடப்பக்கப் பந்தியில் கோதுமை எதுவும் இல்லை. வலப்பக்கக் கரண்டியை அங்கே கொண்டுபோக வேண்டாம் என்று சமையல்காரர் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார். முதல் அமர்வில் இரைப்பைத் துணுக்கும் குடல் துணுக்கும் அடுத்தடுத்துத் திரையில் வரும். நோயின் பெயரை மறைத்திருக்கிறோம், தைரியமாகச் சொல்லுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.