கடுஞ்சிறை குற்றத்தைத் தடுக்குமா?

(அறக்கட்டளையின் விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கொடிய குற்றச் செய்தி ஒன்று நாளேட்டில் வெளிவந்த அன்று தேநீர்க்கடையிலும் திண்ணையிலும் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு. "சிறை இப்பொழுது மாமியார் வீடாகிவிட்டது. மூன்று வேளை உணவு, படுக்கை, தொலைக்காட்சி. உள்ளே வாட்டி வதைத்தால் அல்லவா வெளியே இருப்பவன் அஞ்சுவான்?" என்பர். இப்பேச்சை இரக்கமற்றோர் பேச்சு என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. பொருளைப் பறிகொடுத்தவரும் பிள்ளையை இழந்தவரும் கொள்ளும் சினத்தில் நியாயம் இருக்கின்றது. ஆயினும் அச்சினம் கேட்கும் பொருள் அவ்வழியில் கிடைக்கின்றதா என்பது வேறு வினா. அதற்கு விடை தேட வெறும் ஊகத்தை நம்ப வேண்டுவதில்லை. ஒரு நாடு முப்பது ஆண்டுக்கு மேலாக இதனைச் சட்டமாக்கி நடத்திப் பார்த்திருக்கின்றது. அந்நாடு இங்கிலாந்து.

1862 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலண்டன் நகரத் தெருவில் பில்கிங்டன் என்னும் நாடாளுமன்ற உறுப்பினரின் கழுத்தை நெரித்துக் கொள்ளையிட்டனர். அதுவரை எளியோர்க்கு நேர்ந்த இத்தகைய வழிப்பறி பெரிய இடத்தில் நிகழ்ந்தவுடன் நாளேடுகள் பற்றி எரிந்தன. முன்பெல்லாம் குற்றவாளிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவந்தனர். அவ்வழி அப்பொழுது அடைபட்டு வந்தது. ஆகவே தண்டனைக் காலம் முழுதும் முடியுமுன் உரிமச்சீட்டுப் பெற்று வெளிவந்த கைதிகளே எல்லாவற்றிற்கும் காரணம் என்று மக்கள் நம்பினர். அடுத்த ஆண்டே வழிப்பறி செய்வோர்க்குக் கசையடி விதிக்கும் சட்டம் நிறைவேறியது. வேடிக்கை யாதெனில், அச்சட்டம் வருமுன்னரே அவ்வகை வழிப்பறி பெரிதும் தணிந்துவிட்டது. குற்றவாளிகள் பலர் 1862 ஆம் ஆண்டின் இறுதிக்குள் பிடிபட்டு, பழைய சட்டத்தின்படியே தண்டனை பெற்றிருந்தனர். ஆயினும் பெருமை கசைக்கே சென்றது.

அதே 1863 இல் கார்னர்வன் பிரபுவின் தலைமையில் பிரபுக்கள் சபைக் குழு ஒன்று சிறைகளை ஆராய்ந்தது. சிறையின் முதல் நோக்கம் கைதியைத் திருத்துவதன்று, அவனை அஞ்சச் செய்வதே என்று அக்குழு கருதியது. கடும் உழைப்பு, கடும் உணவு, கடும் படுக்கை என்னும் மூன்றும் கொள்கையாயின. 1865 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நிலைநாட்டியது. 1877 ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர்ச் சிறைகள் அனைத்தையும் மைய அரசின்கீழ்க் கொணர்ந்தது. அவற்றை ஆண்டவர் சர் எட்மண்ட் டுகேன் என்னும் படைப்பொறியாளர்.

அக்கடுமை எத்தகையது என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். மிதிசக்கரம் என்று ஒரு பொறி இருந்தது. 1818 இல் வில்லியம் கியூபிட் என்பவர் அமைத்தது. அகன்ற உருளை ஒன்றில் படிகள் பொருத்தப்பட்டிருக்கும். கைதி அதன்மேல் ஏறிக்கொண்டே இருத்தல் வேண்டும், ஏறினாலும் உயர்வதில்லை. சில இடங்களில் அது மாவரைத்தது, நீர் இறைத்தது. பல இடங்களில் ஒன்றுமே செய்யவில்லை. காற்றை அரைக்கின்றது என்று மக்களே எள்ளினர். மற்றொன்று கைச்சுழற்றி. அறைக்குள் தனித்திருக்கும் கைதி நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை ஒரு பிடியைச் சுழற்ற வேண்டும். பெட்டிக்குள் மணலைத் தவிர வேறொன்றும் இராது. பழைய தார்க்கயிற்றை விரல் நகங்கள் தேயும்வரை பிரித்து நாராக்குதல், மெத்தையற்ற பலகையில் உறங்குதல், பிற கைதிகளோடு ஒரு சொல்லும் பேசாதிருத்தல் ஆகியனவும் இவற்றோடு சேர்ந்தன. உழைப்பில் பயன் இருந்தால் அதில் ஆறுதல் பிறந்துவிடும் என்று அஞ்சியே பயனற்ற உழைப்பைத் தேர்ந்தனர். மனிதனைத் தண்டிக்க இதனினும் நுண்ணிய வழியை யாரும் எளிதில் கண்டிரார்.

இதன் விளைவை அறியாமல் தேர்ந்தனர் என்றும் சொல்ல இயலாது. பத்தாண்டு முன்னரே பர்மிங்காம் சிறையில் ஒரு துயரம் நிகழ்ந்திருந்தது. எட்வர்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன் நான்கு பவுண்டு மாட்டிறைச்சி திருடியதற்காக அங்கே அடைக்கப்பட்டான். நாளொன்றுக்குப் பதினாயிரம் முறை கைச்சுழற்றியைச் சுற்ற வேண்டும் என்பது அவனுக்கு இட்ட பணி. காலை உணவுக்கு முன் இரண்டாயிரம், நண்பகலுக்குள் நாலாயிரம், இரவு உணவுக்குள் நாலாயிரம். கணக்கு குறைந்தால் ரொட்டியும் தண்ணீரும் மட்டுமே. அதற்கும் பணியாதபோது கைகளைப் பிணைக்கும் சட்டையை மாட்டிச் சுவரோடு நிறுத்தினர், தண்ணீரைக் கொட்டினர். 1853 ஏப்ரலில் அச்சிறுவன் தன் அறைச் சன்னலில் தூக்கிட்டு இறந்தான். அரசு விசாரணைக் குழு அமைத்தது. சிறைத் தலைவர் பின்னர்த் தண்டனை பெற்றார். நாடே தலைகுனிந்தது. பத்தாண்டு கழிந்தபின் அதே கைச்சுழற்றி நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று.

இனி, பலன் விளைந்ததா? விளைந்தது என்றே டுகேன் கூறினார். உள்ளூர்ச் சிறைகளில் கைதிகளின் தொகை ஆண்டுதோறும் குறைந்ததைச் சான்றாகக் காட்டினார். தொகை குறைந்தது உண்மையே. ஆயினும் அதே காலத்தில் வேறு பலவும் நிகழ்ந்தன. 1856 ஆம் ஆண்டுச் சட்டத்தால் எல்லா மாவட்டங்களிலும் காவற்படை ஏற்பட்டது. சிறுவர்களுக்குத் தனிச் சீர்திருத்தப் பள்ளிகள் எழுந்தன. 1880 இல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. உழைப்போரின் கூலி வாங்கும் ஆற்றல் உயர்ந்தது. நீதிமன்றங்களும் குறுகிய தண்டனை விதிக்கத் தொடங்கின. இத்தனையையும் விட்டுவிட்டுப் பலகைப் படுக்கைக்கு மட்டும் புகழ் சூட்டுவது, மழை பெய்த ஆண்டில் விளைந்த நெல்லுக்கு வேலியைப் பாராட்டுவது போன்றது.

இவ்வாதத்தின் முடிச்சு இன்னும் ஆழத்தில் உள்ளது. அச்சுறுத்தும் சிறை யாரை அச்சுறுத்த வேண்டும்? இதுவரை உள்ளே செல்லாதவனை. அவனோ மதிலுக்குள் நடப்பதைக் காண்பதில்லை. முழுமையாகக் கண்டவன் உள்ளே இருந்து வெளிவந்தவனே. ஆகவே அக்கடுமை மெய்யாகவே தடுக்குமாயின், முதலில் தடுக்கப்பட வேண்டியவன் அவன். அவனே மீண்டும் மீண்டும் திரும்பி வந்தான். 1895 இல் ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன் தலைமையிலான குழு தன் அறிக்கையில் இதனையே சுட்டியது. சிறை மீள்வோரின் தொகையே அம்முறையின் பெருங்குறை என்று கண்டு, அச்சுறுத்தலோடு திருத்துதலும் சம நோக்கமாதல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவ்வாண்டே டுகேன் பதவி விலகினார்.

அதே ஆண்டில் ஆஸ்கார் ஒயில்டு என்னும் எழுத்தாளர் இரண்டாண்டுக் கடுங்காவல் பெற்றுச் சிறை புகுந்தார். 1897 மே மாதம் விடுதலையான சில நாளில் இலண்டன் நாளேடு ஒன்றுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் தம்மைப் பற்றியதன்று. ரெடிங் சிறையில் பசியால் அழுத ஒரு குழந்தைக்கு இனிப்பு ரொட்டி கொடுத்த குற்றத்திற்காக ஒரு காவலர் வேலையிழந்தார். அக்காவலருக்காகவும், அங்கே அடைபட்டிருந்த குழந்தைகளுக்காகவுமே அவர் எழுதினார். முயல் பிடித்ததற்காக விதித்த அபராதத்தைக் கட்ட வழியின்றிச் சிறை புகுந்த மூன்று குழந்தைகளின் தொகையைத் தாமே செலுத்தவும் முன்வந்தார். 1898 ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தோடு மிதிசக்கரமும் கைச்சுழற்றியும் மறையத் தொடங்கின.

இங்கிலாந்து கைவிட்ட பின்னரும் அக்கொள்கை குடியேற்ற நாடுகளில் எளிதில் சாகவில்லை. 1908 இல் தண்டனை பெற்ற வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கிழுத்ததை அறியாத தமிழர் இலர். பின்னர், சென்னை மாகாண ஆட்சியில் உயர்பதவி வகித்த சர் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையேற்ற இந்தியச் சிறைக் குழு, 1919–20 இல் திருத்துதலே சிறையின் நோக்கம் என்று எழுதியது. இளங்குற்றவாளிகளுக்கென 1925 ஆம் ஆண்டுச் சென்னை பார்ஸ்டல் பள்ளிகள் சட்டமும் பிறந்தது.

எதிர்த்தரப்பின் சான்றையும் மறைத்தலாகாது. 2003 இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் மூவர், சிறைச் சாவுகளின் வீதத்தைக் கடுமையின் அளவாகக் கொண்டு ஆராய்ந்து, கடுமை மிக்க மாநிலங்களில் குற்றம் ஓரளவு குறைவதாகக் கண்டனர். 2007 இல் சென், ஷபிரோ என்னும் இருவர் வேறு வழியில் ஆராய்ந்தனர். ஏறத்தாழ ஒத்த தன்மையுடைய கைதிகளுள், மதிப்பெண் சற்றே மாறியமையால் கடுமையான சிறைக்கு அனுப்பப்பட்டோரையும் இலகுவான சிறைக்கு அனுப்பப்பட்டோரையும் ஒப்பிட்டனர். கடுஞ்சிறை கண்டோர் மீண்டும் குற்றம் புரிதல் குறையவில்லை. கூடியிருக்கவும் இடமுண்டு என்பதே அவர்கள் கண்ட முடிவு. முதல் ஆய்வையே முழுதும் ஏற்றாலும், கைதிகள் சாவதைக் கொண்டு குற்றத்தைக் குறைக்கும் வழியை எந்த அரசு வெளிப்படையாக ஏற்கும்? 1764 இலேயே இத்தாலியின் பெக்கரியா இதற்கு மாற்று உரைத்துவிட்டார். தண்டனையின் கொடுமையைவிட அதன் உறுதிப்பாடே குற்றத்தைத் தடுக்கும் என்றார். பிடிபடமாட்டோம் என்று எண்ணுபவனுக்குப் பலகைப் படுக்கையும் ஒன்றே, பஞ்சணையும் ஒன்றே.

இந்தியாவில் இவ்விவாதத்திற்கு மற்றொரு பக்கம் உண்டு; அதனைப் பேசுவோர் குறைவு. 2022 ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாட்டுச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவருள் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேற்பட்டோர், விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாதவர்கள். நூறு பேர்க்குரிய இடத்தில் நூற்று முப்பத்தொருவர் அடைபட்டிருந்தனர். சிறையைக் கடுமையாக்குக என்னும் குரல் முதலில் சென்று தாக்குவது இவர்களையே.

இளங்கோவடிகள் இதனை உணர்ந்திருந்தார் போலும். கட்டுரை காதையில் வரும் வார்த்திகன் கதையைச் சமணர் இல்லங்களில் நினைவூட்ட வேண்டுவதில்லை. மகன் பரிசாகப் பெற்ற அணிகலனைப் புதையல் என்று ஐயுற்ற அரசு அலுவலர் அவனைச் சிறையிட்டனர். மனைவி கார்த்திகை கதறினாள்; ஐயை கோயிற் கதவு திறக்கவில்லை. பாண்டியன் உண்மை அறிந்து, அவனிடம் பிழை பொறுக்க வேண்டி, ஊர்களை அளித்தான். சிறைகளையும் திறக்கச் செய்தான்.

இன்று கதவு திறவாமைக்குப் பெரும்பாலும் காரணம் பணமே. ஜாமீன் கிடைத்தும் பிணைத்தொகை கட்ட ஆளின்றி உள்ளேயே இருப்போர் பலர். 2023 இல் மைய அரசு தொடங்கிய ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தின்படி, விசாரணைக் கைதியின் பிணைக்கும், தண்டனைக் கைதியின் அபராதத்திற்கும் பண உதவி பெற வழியுண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமாகிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479 ஆம் பிரிவின்படி, முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர், அக்குற்றத்திற்குரிய உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றிலொரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் விடுவிக்கப்படலாம். மரண தண்டனைக்கும் ஆயுள் தண்டனைக்கும் உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. இவற்றை அறியாத குடும்பங்கள் சிறைவாயிலில் காத்து நிற்கின்றன. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகின்றது. படிவம் எழுதத் தெரிந்த ஒருவரும், பிணை நிற்க ஒப்பும் ஒருவரும் வாரம் ஒருநாள் அங்கே சென்று அமர்ந்தாலே அவர்களுட் சிலர் வீடு திரும்புவர்.