ஆன்பீல்டில் கண்ட காற்பந்தாட்டம்

வெளிநாடு செல்வோர் பலரும் அந்நாட்டின் கோட்டைகளையும் தேவாலயங்களையும் பொருட்காட்சிச் சாலைகளையும் கண்டு திரும்புவர். அவை சென்ற காலத்தைக் காட்டும். மக்களின் இன்றைய உள்ளத்தைக் காண விரும்புவோர், அவர்கள் மனம் விரும்பிக் கூடும் இடத்திற்குச் செல்லுதல் வேண்டும். நம் ஊர்களில் திருவிழா எத்தகையதோ, இங்கிலாந்தில் காற்பந்தாட்டம் அத்தகையது.

நான் ஆட்டம் காணச் சென்றது லிவர்பூல் நகருக்கு. மெர்சி ஆற்றின் கழிமுகத்தில் அமைந்த துறைமுக நகரம் அது. அங்குள்ள ஆன்பீல்டு மைதானம் 1884-ஆம் ஆண்டு காற்பந்தாட்டத்திற்குத் திறக்கப்பட்டது. முதலில் அங்கு ஆடியது எவர்ட்டன் கழகம். வாடகை முதலியன பற்றி எழுந்த பூசலால் 1892-இல் அது வெளியேறியது. வெறுமையாகிவிட்ட களத்தில் ஆடுவதற்கென்றே தோன்றியது லிவர்பூல் கழகம். இன்று அந்த மைதானத்தில் ஏறத்தாழ 60,000 பேர் இருந்து காணலாம்.

தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் என்ன வேறுபாடு என்று நீங்கள் கேட்கலாம். தொலைக்காட்சி பந்தையே தொடர்ந்து செல்லும். மைதானத்திலோ, பந்து இல்லாத இடத்தையும் நாம் காண்கிறோம். தற்காப்பாளர் நால்வரும் கயிற்றால் கட்டியவர்போல் ஒருசேர முன்னேறுவதும், ஓரத்து ஆட்டக்காரர் எவரும் இல்லாத வெளியை நோக்கி விரைவதும் கண்ணுக்குப் புலனாகின்றன. பந்து அங்குச் சேரும் முன்னரே கூட்டம் அதை உணர்ந்து எழுகின்றது. ஆட்டத்தை அறிந்த கூட்டம் அது.

அக்கூட்டத்தின் உயிர்நிலை, இலக்குக் கம்பங்களுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் ‘காப்’ என்னும் படியரங்கு. 1900-ஆம் ஆண்டு சனவரியில், தென்னாப்பிரிக்காவின் ஸ்பியன் காப் என்னும் குன்றில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் கடும்போர் நிகழ்ந்தது. லங்காஷயர்ப் படைவீரர் பலர் அங்கு மாண்டனர். லிவர்பூலும் அந்நாளில் லங்காஷயரைச் சேர்ந்ததே. எனவே, 1906-இல் எழுந்த அரங்கு அக்குன்றின் பெயரைப் பெற்றது. அதே போர்க்களத்தில் காயமுற்றோரைச் சுமந்து சென்றது காந்தியடிகள் அமைத்த இந்தியர் தொண்டர்படை. நேட்டாலின் ஒப்பந்தத் தொழிலாளரே அதில் மிகுதி. நம் காதுக்கும் அந்தப் பெயர் அயலானதன்று.

மாண்டோரை நினைந்து பெயரிட்ட அம்மக்களுக்கு, பின்னர் வேறொரு பெருந்துயர் நேர்ந்தது. 1989 ஏப்ரல் 15 அன்று, ஷெபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எப்.ஏ. கோப்பை அரையிறுதி ஆட்டம் நடைபெற்றது. நின்று காணும் பகுதியில், வேலியடைத்த கூண்டு போன்ற இடத்திற்குள் அளவு மீறிய கூட்டம் புகுமாறு விடப்பட்டது. ஆட்டம் ஆறே நிமிடங்களில் நின்றது. அந்நெரிசலால் உயிர் இழந்தோர் 97 பேர். காவல் துறையினரோ பழியை ரசிகர்கள்மீதே சுமத்தினர். குடும்பத்தார் ஓயவில்லை. 27 ஆண்டுகள் வழக்காடினர். 2016-இல் ஜூரிகள், அது சட்டத்திற்குப் புறம்பான உயிர்க்கொலை என்றும், ரசிகர்மீது குற்றமில்லை என்றும் முடிவு கூறினர்.

மாண்டோரின் பெயர்களை ஆன்பீல்டில் கல்லில் பொறித்திருக்கின்றனர். ஆட்டத்திற்கு வருவோர் சிலர் அங்கே ஒரு கணம் நின்று செல்வதைக் கண்டேன். பின்னர் ஆட்டம் தொடங்குமுன், கழுத்துத் துணிகளை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்து, அனைவரும் ஒரே குரலில் பாடினர். 1945-இல் அமெரிக்க இசை நாடகம் ஒன்றிற்காக இயற்றப்பட்டு, 1963-இல் லிவர்பூல் இசைக்குழு ஒன்றால் அந்நகரின் உடைமையான பாட்டு அது. துயருற்றவன் தனியனல்லன் என்பது அதன் கருத்து. அதை அவர்கள் பாடுவதோடு நில்லாமல் வாழ்ந்தும் காட்டியிருக்கின்றனர்.

ஹில்ஸ்பரோவுக்குப் பின் இங்கிலாந்தின் பெரிய மைதானங்களில் வேலிகள் அகன்றன, இருக்கைகள் வந்தன. காப் அரங்கும் 1994-இல் இருக்கைகள் பெற்றது. ஆரவாரம் குறையவில்லை, அச்சம் குறைந்தது.

மாணவ நண்பர்களே! உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் பந்தயங்கள் நடக்கின்றன. நாளை அவற்றை நடத்தும் பொறுப்பும் உங்களிடம் வரும். அப்போது கோல் கம்பத்தை நடுமுன், மக்கள் வெளியேறும் வழி எங்கே என்று பாருங்கள். எந்த அணி வென்றாலும், காண வந்தவர் அனைவரும் நலமாக வீடு திரும்புவதே ஆட்டத்தின் முதல் வெற்றி.