போன் வைக்காத பிள்ளையும் நாமும்

(பெற்றோர் நாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டை முன்னிட்டு வீடுதோறும் மந்திரிப்புக்குச் சென்று வருகிறோம். முன்பெல்லாம் செபம் முடிந்து நாற்காலியில் அமர்ந்ததும், கடலில் மீன்பாடு இல்லை, மகளுக்கு வரன் அமையவில்லை என்று மனக்குறை சொல்வார்கள். இப்போது பல வீடுகளில் முதலில் வரும் குறை வேறு: "சாமி, இவன் போனை வைக்கவே மாட்டேங்கிறான். நீங்களாவது ரெண்டு வார்த்தை சொல்லுங்க." குற்றவாளி கதவோரம் தலைகுனிந்து நிற்பான். அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம். ஆனால் அவனுக்கன்று, உங்களுக்கு.

பிள்ளை பெறாத சாமியாருக்கு இதிலென்ன தெரியும் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பள்ளி விடுதியில் பல ஆண்டுகள் பொறுப்பாயிருந்து, இரவு ஒன்பது மணிக்கு எண்பது பையன்களைப் பாயில் படுக்கவைத்த அனுபவம் ஒன்றே நம்மிடமுள்ள சான்றிதழ்.

1975 ஆகஸ்டு 15-இல் சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. நம் ஊர்ப்பக்கம் அது எட்டிப்பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின. வந்தபோதும் தெருவுக்கு ஒரு பெட்டி. முற்றம் நிறையக் கூட்டம். அந்தக் காலத்துப் பெரியவர்களும், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று கவலைப்பட்டார்கள். ஆனால் அன்றைய தாய்மாருக்கு ஒரு வசதி இருந்தது. இரவானால் நிலையத்தாரே ஒளிபரப்பை நிறுத்திவிடுவார்கள். படம் முடிந்தது, எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். இன்று கையிலிருக்கும் கருவிக்கு முடிவு என்பதே இல்லை. ஒரு படம் முடியுமுன் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. விளையாட்டில் ஓர் ஆட்டம் தோற்றால் மறு ஆட்டம் காத்திருக்கிறது. பார்க்கிறவன் எழுந்து போகக்கூடாது என்பதே அதைச் செய்தவர்களின் நோக்கம். நாற்பது வயதுத் தகப்பனாலேயே கீழே வைக்க முடியாத ஒன்றை ஏழு வயதுப் பிள்ளை தானாக வைக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்!

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கவேண்டும். இதைப் பிள்ளைகள் திருடிக்கொண்டு வரவில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். நம் மாநிலத்தில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் நாள். இடைப்பட்ட காலத்தில் பாடம் கேட்கட்டும் என்று, நகையை அடகு வைத்தாவது போன் வாங்கிக் கொடுத்தவர்கள் நம்மிலே உண்டு. பள்ளி திறந்தது, போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆகவே பிள்ளைமேல் கோபம் கொள்வதில் பொருளில்லை.

எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று கேட்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது, குறைந்தால் நல்லது. பள்ளி செல்லும் பிள்ளைகளைப் பொறுத்தமட்டில் உறக்கம், ஓடியாடும் விளையாட்டு, பாடம், வீட்டாரோடு பேச்சு ஆகிய நான்குக்கும் நேரம் ஒதுக்கியபின் மிஞ்சுவதே திரைக்கு. கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் நம் பங்கில் ஒரு விதிவிலக்கு வேண்டும். இங்கே எத்தனையோ வீடுகளில் தகப்பனார் வளைகுடாவில் இருக்கிறார். தகப்பன் முகத்தைப் போனிலேயே முதன்முதல் கண்ட குழந்தைகள் நம் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள். அந்தப் பேச்சை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும், கைக்குழந்தைகளுக்குத் திரை கூடாதென்று சொல்லும்போது, சொந்தபந்தங்களோடு எப்போதாவது முகம் பார்த்துப் பேசுவதற்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. அந்தப் பேச்சைப் பேச்சாக வைத்துக்கொள்ளுங்கள். "எத்தனை மார்க்? ஏன் குறைஞ்சது?" என்பதோடு நின்றுவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை பையன் போனருகே வரமாட்டான். அவன் வரைந்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டுக்குட்டி போட்ட கதையைச் சொல்லட்டும்.

வெளிநாட்டிலிருக்கும் தகப்பன்மாருக்கு ஒரு விண்ணப்பம். (இம்மலர் உங்களுக்கும் அனுப்பப்படும் என்பதால் சொல்கிறோம்.) உடனிருக்க முடியாத ஏக்கத்தில் பிள்ளைக்கு விலையுயர்ந்த போனை வாங்கி அனுப்பிவிடுகிறீர்கள். அந்த அன்பை நாம் குறை சொல்லவில்லை. ஆயினும் அன்று முதல் இங்கே நடப்பது என்ன? கொடுத்த அப்பா நல்லவர். பிடுங்குகிற அம்மா பொல்லாதவள். ஒற்றை ஆளாய்க் குடும்பத்தை இழுத்துச் செல்லும் அந்தத் தாய் ஒவ்வோர் இரவும் தன் பிள்ளையோடு மல்லுக்கு நிற்கிறாள். அனுப்புமுன் அவளிடம் கேளுங்கள். எப்போது பார்க்கலாம், எப்போது வைக்கவேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்து, அதைப் பிள்ளைக்கு நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள்.

சோறூட்டப் போனைக் காட்டும் பாட்டிமாரே, நிலவைக் காட்டி ஊட்டியவர்கள் நீங்கள். நிலவைப் பார்க்கும் பிள்ளை உங்கள் முகத்தையும் பார்த்தது, கேள்வி கேட்டது, போதும் என்று வாயை மூடிக்கொண்டது. படத்தைப் பார்க்கும் பிள்ளை எதை விழுங்குகிறோம், எப்போது வயிறு நிறைந்தது என்று அறியாமலே வாயைத் திறக்கிறது. இரண்டு கவளம் குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

இனி, வைக்கச் சொன்னால் வைக்கும்படி பிள்ளையைப் பழக்குவது எப்படி? "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று எச்சரித்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2016-இல் சிறு குழந்தைகளுள்ள வீடுகளை ஆராய்ந்தபோது, அந்த இரண்டு நிமிட எச்சரிக்கை அழுகையைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை என்று கண்டார்கள். நிகழ்ச்சி தானாக முடிந்தபோதும், நாள்தோறும் அதே நேரத்தில் நிறுத்துவது வழக்கமாயிருந்தபோதும் குழந்தைகள் எளிதாக எழுந்துவந்தன. விடுதியில் நாம் கண்டதும் இதுவே. மணி அடித்தால் பையன்கள் எழுந்தார்கள். மணியோடு யாரும் சண்டைக்குப் போகவில்லை. ஆகையால் "அரைமணி நேரம்" என்று சொல்லாமல், "இன்று இரண்டு கதை" என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். அடுத்தது தானாக ஓடும் வசதியை அமைப்பில் அணைத்துவிடலாம். தெரியாதவர்கள் இளைஞர் இயக்கத்தாரிடம் கேளுங்கள், ஒரு நிமிட வேலை. இரண்டாவது கதை முடிந்ததும் திரை நின்றுவிடும். முடித்தது கதையே, அம்மா அல்ல.

"போனை வை" என்பதோடு விட்டுவிட்டால் பிள்ளைக்குக் கை வெறுமையாகிவிடுகிறது. "மக்கா, போனை அலமாரியில வச்சிட்டு வா, தேங்காய் துருவணும்" என்று சொல்லிப் பாருங்கள். "குளிச்சிட்டுப் பாக்கியா, வீட்டுப்பாடம் முடிச்சிட்டுப் பாக்கியா?" என்று கேளுங்கள், இரண்டில் எதைத் தேர்ந்தாலும் உங்களுக்குச் சம்மதமே, அவனுக்கோ தானே முடிவெடுத்த நிறைவு. வைத்துவிட்டு வந்தால், "சொன்னதும் வந்துட்டியே" என்று ஒரு வார்த்தை. வைக்காதபோது நாலு தெருவுக்குக் கேட்கக் கத்துகிறோம், வைக்கும்போது வாய் திறப்பதில்லை.

அழுதால் என்ன செய்வது? அழட்டும். தூண்டில் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் மீன் கிடைப்பதாலா உட்கார்ந்திருக்கிறார்? எப்போதோ ஒருமுறை கிடைப்பதால்தான் எழுந்து போகாமல் இருக்கிறார். நான்கு முறை மறுத்து, ஐந்தாம் முறை தலைவலி தாங்காமல் கொடுத்தால், ஐந்து முறை அழவேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. கொடுப்பதானால் கேட்டதும் கொடுங்கள், இல்லையென்றால் இல்லைதான். அதைச் சத்தம் போடாமலும் சொல்லலாம். மார்க் வாங்கினால் போன் என்று அதைத் தங்கப் பதக்கமாக்காதீர்கள். "சாமியாரிடம் சொல்லிவிடுவேன்" என்ற மிரட்டலையும் தயவுசெய்து விடுங்கள். நம்மைக் கண்டால் பிள்ளைகள் ஒளிகிறார்கள்.

அடி வேண்டாம். அடித்தால் அப்போதைக்கு வைப்பான். அடுத்தமுறை மாடியில் போய்ப் பார்ப்பான். தெருவில் திரிந்த பையன்களைத் திருத்திய தொன் போஸ்கோ 1877-இல் தம் கல்விமுறையை எழுதிவைத்தபோது, தண்டனைக்கு முந்திக்கொண்டு உடனிருக்கும் வழியையே காட்டினார். பெரியவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது அவருடைய முறையின் உயிர்நாடி.

பக்கத்தில் இருக்கிறோமா? 2014-இல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் உணவகங்களில் பிள்ளைகளோடு வந்த 55 பெரியவர்களைக் கவனித்தனர். அவர்களில் 40 பேர் போனை எடுத்தார்கள். சிலர் சாப்பிட்டு முடியும்வரை கீழே வைக்கவில்லை. பிள்ளை சட்டையைப் பிடித்து இழுத்தால் எரிந்து விழுந்தவர்களும் உண்டு. பாஸ்டன் வரை போவானேன்? நம் வீடுகளில் செபமாலையின் மூன்றாம் காரணிக்கத்தில் யாருடைய போன் ஒலிக்கிறது? இரவில் எல்லாப் போன்களும் அடுக்களை அலமாரியில் உறங்கட்டும், அப்பாவுடையதும் சேர்த்து.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். இதைத் தாய்மார் கூர்ந்து கேட்கவேண்டும். அந்த வயதில் மறைந்திருந்து சோதிப்பதைவிட எதிரில் உட்கார்ந்து பேசுவதே உதவும். முன்பின் தெரியாத ஒருவன் படம் கேட்கிறான், அல்லது படத்தை வைத்து மிரட்டுகிறான் என்றால், உங்கள் மகள் உங்களிடம் வருவாளா? சொன்னால் முதலில் போனைப் பிடுங்குவார்கள், பிறகு படிப்பை நிறுத்துவார்கள் என்று பயந்தால் வரமாட்டாள். எது நடந்தாலும் நீ சொல்லலாம், சொன்னதற்காகத் தண்டிக்கமாட்டோம் என்று இன்றிரவே சொல்லிவையுங்கள். சொன்னபடி நடவுங்கள். அப்படி ஒன்று நேர்ந்தால் படத்தையும் செய்தியையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பங்கு அலுவலகத்துக்கும் வரலாம். பேச்சு வெளியே போகாது.

போன் வைத்த கை எங்கே போகும் என்பதற்கும் வழி செய்திருக்கிறோம். கோவில் மைதானத்து விளக்குகள் இனி இரவு எட்டு மணி வரை எரியும். பந்தும் கேரம் பலகையும் கோயில்பிள்ளையிடம் இருக்கின்றன, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். சனிக்கிழமைகளில் தகப்பன்மாரும் வந்தால் இரண்டு அணி சேரும்.