கைராசி அல்ல, இரவுக் கணக்கு

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"கூடங்குளத்துக்காரன் மைக்கைப் பிடிச்சா அணு உலையைப் பத்தித்தான் பேசுவான்" என்று பின்வரிசையில் யாரோ சொல்வது காதில் விழுகிறது. இல்லை மக்கா, நான் பேச வந்தது அவரைக்கொடியைப் பற்றி!

நான் வேலை பார்ப்பது இங்கிலாந்தில், லெஸ்டர் நகரில். அங்கே நகராட்சி, நிலத்தைத் துண்டு துண்டாக வாடகைக்கு விடுகிறது. 'அலாட்மென்ட்' என்பார்கள். நம்மவர்கள் அதில் பாகல், புடலை எல்லாம் போடுகிறார்கள். நம் ஊரில் விதையை ஊன்றித் தண்ணீர் விட்டால் போதும். அங்கே குளிர்ந்த மண்ணில் விதை அழுகிவிடும். ஏப்ரலில் பாகல் விதையின் ஓட்டை லேசாக நறுக்கி, ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி, 25 டிகிரிக்கு மேல் சூடுள்ள இடத்தில் வைக்க வேண்டும். முளைத்ததும் காகிதக் கப்பில் நட்டு ஜன்னலோரம் வளர்ப்போம். மே மாதப் பாதிவரை உறைபனி வரலாம். ஆகவே பத்து நாள் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்கி, ஜூனில்தான் கண்ணாடிக் கொட்டகையில் நடுவோம். புடலைப்பூ இரவில் விரிவது. கொட்டகைக்குள் அந்துப்பூச்சி எங்கே வரும்? ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் நாமே தடவ வேண்டும்.

இத்தனையும் செய்தால் பாகலும் புடலையும் காய்த்துவிடும். பந்தல் அவரைதான் ஏமாற்றும்.

என் பக்கத்துத் துண்டு யாழ்ப்பாணத்து அக்கா ஒருவருடையது. கணவர் காலமான பிறகு அந்தத் தோட்டம்தான் அவருக்குத் துணை. ஆண்டுதோறும் அவரை போடுவார். கொடி கூரை ஏறும். பூ மட்டும் வராது. செப்டம்பர் கடைசியில் நாலு பூ எட்டிப் பார்க்கும். அக்டோபர் பனியில் எல்லாம் கருகும். "தம்பி, என்ர கைராசி போட்டுது. வாற வருஷம் இந்தத் துண்டை விட்டிடப் போறன்" என்றார்.

கைராசியில் ஒரு குறையும் இல்லை. 1920-ல் கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் புகையிலை, சோயா ஆகியவற்றை வைத்து ஓர் உண்மையை வெளியிட்டார்கள். சில செடிகள் பகல் குறுகினால்தான் பூக்கும். உண்மையில் செடி அளப்பது இரவின் நீளத்தை என்று பிறகு தெரிந்தது. கூடங்குளத்தில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். லெஸ்டரில் ஜூன் மாதப் பகலோ ஏறத்தாழ 17 மணி நேரம்! ஆடியில் ஊன்றி மார்கழியில் காய்க்கிற நம் கொடி, அங்கே "இன்னும் காலம் வரலை" என்று இலையாகவே விட்டுக்கொண்டிருக்கிறது.

சூட்டை ஹீட்டர் போட்டு வாங்கிவிடலாம். இரவை நாம்தான் செய்ய வேண்டும். அக்கா வீட்டுக் கொல்லையில் இரண்டு கொடிகளைத் தொட்டியில் வைத்து, நெஞ்சளவில் நுனி கிள்ளினோம். ஜூலை தொடங்கி, மாலை 7 மணிக்குக் கறுப்பு பாலிதீன் கூண்டால் ஒன்றை மூடி, காலை 8 மணிக்குத் திறந்தோம். இன்னொன்றை மூடவில்லை. பரிசோதனை என்றால் ஒப்பிட ஒன்று வேண்டும் என்று இந்தக் கல்லூரி ஆய்வகத்தில் படித்ததாயிற்றே! இடையில் கூண்டைத் தூக்கி எட்டிப் பார்க்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. நடுவில் விழும் வெளிச்சமும் கணக்கைக் கெடுக்கும்.

ஆகஸ்டில் மூடிய கொடி பூத்தது. செப்டம்பரில் அக்கா அவரைக்காய்க் கறி வைத்துக் கூப்பிட்டார். மூடாத கொடி வழக்கம்போலப் பனியில் போயிற்று. நிலத்தை அவர் விடவில்லை. அடுத்த ஆண்டு வாடகையும் கட்டிவிட்டார்.

இங்கே பலருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். விதை கேட்டால் கவரில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். தாவர நலச் சான்று உள்ளிட்ட விதிகள் உண்டு. அங்கேயே வாங்கச் சொல்லுங்கள். அவரை என்றால், பகல் நீளம் பார்க்காத குத்து அவரை ரகமாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அப்படியும் காய்க்காவிட்டால் கைராசியை நோக வேண்டாம். இரவு எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.