தேதியும் அதன் தோற்றமும்



தடித்த பதிவேடுகளில் நாங்கள் எழுதி வைத்த பெயரும் பிறந்த தேதியும் இன்று கணிப்பொறியின் தரவுத்தளத்தில் உறைகின்றன. அத்தளத்தை நோக்கி நாம் விடுக்கும் வினாவுக்கு வினவல் என்று பெயர். அவ்வினவலில் தேதிகளை ஒப்பிடுவது எங்ஙனம், வடிவமைத்துக் காட்டுவது எங்ஙனம் என்பதைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

மூன்று நாட்களை எண்ணிப் பாருங்கள். நாடு விடுதலை பெற்றது 15-08-1947. மொழிவழி மாநிலங்கள் அமைந்தது 01-11-1956. சென்னை மாநிலம் தமிழ்நாடு என்னும் பெயரைப் பூண்டது 14-01-1969. இவற்றை வெறும் எழுத்துத் தொடர்களாகச் சேமித்துவிட்டு, வரிசைப்படுத்தித் தருமாறு கேட்டால் என்ன நிகழும்? அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல, கணிப்பொறி இடப்புறத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடும். 01, 14, 15 என்று அடுக்கி, விடுதலை நாளைக் கடைசியில் நிறுத்தும். வரலாறே தலைகீழாகிவிடும்!

இதற்கு மாற்று யாது? தேதியைத் தேதி என்னும் தரவு வகையிலேயே சேமித்தல் வேண்டும். அப்பொழுது ஒப்பீடு காலத்தின் முறைப்படியே நடைபெறும். வினவலில் தேதியை எழுதும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 1947-08-15 என எழுதுவது நலம். 1988-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் உலகத் தரம் வகுத்த முறை இது. 03-04 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கோ மார்ச் 4. ஆண்டை முன்வைக்கும் முறையில் அம்மயக்கம் எழுவதில்லை.

இனி, வடிவமைப்பு. ஆரக்கிள் தரவுத்தளத்தில் ‘டு டேட்’ என்னும் கட்டளை எழுத்தைத் தேதியாக்கும்; ‘டு சார்’ என்பது தேதியை எழுத்தாக்கும். எழுத்தாக்கிய பின் ஒப்பிட்டால் பழைய குழப்பமே திரும்பும். ஆகவே முதலில் ஒப்பிடுக. காட்டும்போது மட்டும் நாம் விரும்பும் கோலத்தைப் புனைக.

மற்றொன்றும் கருதத்தக்கது. விண்ணப்பம் வந்த நாளோடு நேரமும் பதிவாகும் இடத்தில், ‘மே 31 வரை’ என்று வினவினால், பல தரவுத்தளங்கள் அதனை அந்நாள் பிறக்கும் நள்ளிரவு என்றே கொள்ளும். அன்று காலை 10 மணிக்கு விண்ணப்பித்த ஏழை மாணவன் ஒருவனின் பெயர் உதவித்தொகைப் பட்டியலில் இடம்பெறாது. ‘ஜூன் 1-க்கு முன்’ என்று வினவினால் அவன் பெயர் தவறாது வரும்.

வினவலில் விடுபடுவது ஒரு வரியாகத் தோன்றலாம். அவ்வரிக்குப் பின்னால் ஒருவனுடைய படிப்பு நிற்கிறது. நாளைய அலுவலகங்களில் வினவல்களை எழுதப் போகிறவர்கள் நீங்கள். எல்லை நாளில் வந்த ஒரு பதிவை வைத்துச் சோதித்துப் பார்த்த பின்னரே பட்டியலை வெளியிடுங்கள்.