தொண்டு எங்கே தொடங்குகிறது: வடநெம்மேலி சொல்வது

தொண்டு என்றதும் நாம் கொடுப்பவரின் மனத்தைத்தான் எடைபோடுகிறோம். எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார், என்ன பாடுபட்டார் என்று விசாரிக்கிறோம். பெறுகிறவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று விசாரிப்பவர் அரிது. அதைக் கேட்காமல் செய்யும் உதவியில் பெரும்பகுதி விழலுக்கு இறைத்த நீராகிறது என்பதே என் வாதம். சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். கோவளத்திலிருந்து பாலாற்று முகத்துவாரம் வரையுள்ள இந்தக் கரையிலேயே இருக்கிறது.

செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்து, தோல் வியாபாரிகளுக்கு விற்றுப் பிழைத்தவர்கள். 1972-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றது. பாம்பு பிழைத்தது, இருளர் வீட்டு அடுப்பில் பூனை படுத்தது. இப்படி ஒரு குடியிருப்புக்குள் நுழையும் தொண்டர் வழக்கமாக என்ன செய்வார்? தையல் மெஷின் கொடுப்பார். ஆட்டுக்குட்டி வாங்கித் தருவார். பழைய தொழிலை மறக்கச் சொல்வார். அமெரிக்காவில் பிறந்து, சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கர் அந்த வழியில் போகவில்லை. சட்டம் மூடியது தோல் சந்தையை மட்டுமே, பாம்பைக் கண்டுபிடிக்கும் திறமைக்கு வேறொரு தேவை இருக்கிறது என்று அவர் கணித்தார். 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று; அது இயங்குவது இந்தக் கரையின் வடநெம்மேலியில். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உறுப்பினர்கள் உயிரோடு பிடித்து வருகிறார்கள். மணல் போட்ட மண்பானைக்குள் விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். சில வாரங்களுக்குள் சில முறை விஷம் எடுத்துவிட்டு, அதே பாம்பு உடனே மறுபடி பிடிபடாதிருக்க வயிற்றுச் செதிலில் அடையாளம் செய்து காட்டில் விட்டுவிடுகிறார்கள். உலர்த்திய விஷம் மருந்துக் கம்பெனிக்குப் போகிறது; அங்கே குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து எடுக்கிறார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்தச் சாவுகளுக்கு எதிராக நாட்டிடம் உள்ள மருந்தின் மூலப்பொருளில் பெரும்பங்கு வடநெம்மேலியிலிருந்து போனது. உதவி பெற வேண்டியவர்கள் என்று பட்டியலிடப்பட்டவர்கள் நாட்டுக்கே உதவுகிறவர்களானார்கள். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் ஃபுளோரிடா சதுப்புநிலத்துக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டதும், 2023-இல் பத்மஸ்ரீ பெற்றதும் பலரும் அறிந்த செய்தி.

இதே கரையில் 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நடந்தது வேறு. தமிழ்நாட்டில் சுமார் 8,000 உயிர்களைக் கொண்டுபோன ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டு வெள்ளமாகவே வந்தது. மீனவர் கட்ட மறுத்த பழந்துணிகள் சாலையோரம் குவிந்து மழையில் நனைந்தன. பைபர் படகு கொடுப்பதில் நிறுவனங்களுக்குள் போட்டி வந்தது. தொலைந்ததைவிட அதிகப் படகுகள் வந்த ஊர்கள் உண்டு. படகு கூடினால் மீன் கூடாது, ஆள்தான் பற்றாக்குறையாகும் என்பது கடலுக்குப் போகிற எவருக்கும் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கழிவெளியிலும் பக்கிங்காம் கால்வாயிலும் தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கோ படகும் இல்லை, வலையும் இல்லை. ஆகவே இழப்புப் பட்டியலில் அவர்கள் பெயரும் பல இடங்களில் இல்லை. நிவாரணம் மீனவப் பஞ்சாயத்துகளின் வழியாக வந்தது; அந்தப் பஞ்சாயத்தில் இருளருக்கு இடம் கிடையாது. படகை மட்டும் எண்ணத் தெரிந்த கண்ணுக்கு வெறுங்கையால் பிழைப்பவர் தெரியவில்லை.

ஊர் அழிந்து கிடக்கும்போது யாரிடம் போய் என்ன கேட்பது என்று ஒருவர் வாதிடலாம். முதல் பத்து நாளுக்கு அந்த வாதம் சரி. சோற்றுக்கும் குடிநீருக்கும் பிணம் அடக்கவும் யாருடைய யோசனையும் வேண்டியதில்லை. ஆனால் படகுகள் வந்தது மாதங்கள் கழித்து. அவசரம் அப்போது கடலோரத்தில் இல்லை. நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்துக் காட்ட வேண்டிய அலுவலகங்களில்தான் இருந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மக்களிடம் உள்ள திறமையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றால், அவர்களிடம் இல்லாததை யார் கொண்டுவருவது? செங்கல்பட்டுத் திருமணியில் தொழுநோயாளிகளுக்கு வேண்டியிருந்தது மருந்து; அது வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். ராபர்ட் காக்ரேன் போன்ற மருத்துவர்கள் அங்கே உழைத்தார்கள். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன், என் வாதத்தை அந்த அளவுக்குக் குறுக்கிக்கொள்கிறேன். ஆனால் திருமணியிலும் பலன் நிலைத்தது, 1955-இல் மத்திய அரசு அங்கிருந்த மருத்துவமனையை ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியதால்தான். வெளியிலிருந்து வந்த அறிவு, வந்தவரோடு கப்பலேறிவிடாமல் பொது நிறுவனத்தில் தங்கியது. விட்டேக்கர் கொண்டுவந்ததும் அந்த வகைதான். பாம்பு பிடிக்க அவர் இருளருக்குச் சொல்லித்தரவில்லை. அனுமதி, பதிவு, ஆய்வகத் தொடர்பு என அவர்களுக்கு எட்டாமலிருந்தவற்றை எட்டச் செய்தார்.

சங்கத்தைப் புகழ்ந்தே முடித்துவிட முடியாது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை இன்றும் அரசாணைதான் முடிவுசெய்கிறது. ஆணை தாமதித்தால் பானைகள் காலியாகக் கிடக்கும். இன்னொரு சிக்கல் அறிவியலிலிருந்து வந்திருக்கிறது. ஒரே இனப் பாம்பின் விஷமும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. இந்தக் கரையின் விஷத்தைக் கொண்டு செய்த மருந்து ராஜஸ்தானிலோ வடகிழக்கிலோ அதே அளவு வேலை செய்வதில்லை. அங்கங்கே விஷம் சேகரிக்கும் நிலையங்கள் வேண்டும் என்று ஆய்வாளர்கள் கேட்டுவருகிறார்கள். அப்படி ஒன்று அமையும்போது அந்தந்த ஊரில் பாம்பு பிடிக்கிறவர்கள் கூலியாட்களாகச் சேர்க்கப்படுவார்களா, வடநெம்மேலியில் நடந்ததுபோலப் பங்குதாரர்களாகவா என்பது இன்னும் முடிவாகவில்லை. இளம் தொண்டர்கள் தலையிட வேண்டிய இடம் அது.